கொம்பில்லாக் கொம்பன்கள்: அன்றும் இன்றும்

ஊத்துக்கோட்டையிலிருந்து சத்தியவேடு பக்கம் போனால் செம்மண் மேடுகளில் கூழாங்கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். இரும்புச்சத்து ஏறிய மண்ணோடு இறுகிப்போன கற்கள். 1863-இல் புவியியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் கண்டெடுத்த கற்காலக் கைக்கோடரிகள் இந்த வகைக் கல்லில் செதுக்கியவைதாம். கைக்கோடரியைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். அந்தக் கல்லைச் சுமந்திருக்கும் படுகையைப் பற்றிப் பேசுவதில்லை. அது டைனோசர்கள் நடமாடிய காலத்துப் படுகை.

இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை பரவிய அந்தப் பாறைகளில் இலைத்தடங்கள் கிடைக்கின்றன. நடுக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் நெருக்கமாக வரிசைகட்டிய டிலோஃபில்லம் அவற்றில் முக்கியமானது. சென்னைக் கரையோரத்துத் தாவரப் புதைபடிவங்களை 1879-இல் ஒட்டோகார் ஃபைஸ்ட்மாண்டல் விவரித்தபோது இவற்றை ஜுராசிக் காலத்தவை என்று கருதினார்கள். இன்று முற்காலக் கிரெட்டேசியஸ் என்கிறார்கள்.

கிரெட்டேசியஸ் என்றதும் பிள்ளைகள் கேட்பது கொம்பு டைனோசரைத்தான். நம் பக்கம் இருந்ததா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, அந்த வம்சத்தின் சின்ன உருவங்களைப் பார்க்க வேண்டும்.

1914-இல் பார்னம் பிரவுன், கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்த லெப்டோசெரடாப்ஸுக்குப் பெயர் வைத்தார். நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். 1923-இல் மங்கோலியாவின் புரோட்டோசெரடாப்ஸ் வந்தது. கிரேஞ்சரும் கிரிகரியும் அதன் பெயரிலேயே ஒரு குடும்பம் வகுத்தார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள், நெற்றிக்கொம்பு இல்லாத சிறிய இனங்கள் பலவும் அந்தக் குடும்பத்துக்கே போயின. உருவம் சிறியது, கொம்பு இல்லை என்பதே பெரிய தகுதியாக இருந்தது. இல்லாத ஒன்றை வைத்து உறவு சொன்னால் அது நிற்காது. நிற்கவும் இல்லை.

2001-இல் பீட்டர் மகோவிக்கி லெப்டோசெரடாப்ஸையும் அதன் நெருங்கிய உறவுகளையும் தனிக் குடும்பமாகப் பிரித்தார். இரு குடும்பங்களுக்கும் கிளி அலகு உண்டு. மேலலகின் நுனியில் இந்த வம்சத்துக்கே உரிய தனி எலும்பும் உண்டு. வேறுபாடு பிடரியிலும் பல்லிலும் இருக்கிறது. புரோட்டோசெரடாப்ஸின் பிடரிக்கவசம் அகலமானது, இரண்டு பெரிய துளைகள் கொண்டது. லெப்டோசெரடாப்ஸுக்கு அது குட்டை, துளையும் இல்லை. கீழ்த்தாடை தடித்து உயர்ந்தது. கீழ்ப்பல்லின் தேய்மானத்தைப் பார்த்தால் செங்குத்தாக ஒரு வெட்டுமுகம், அதன் அடியில் படி போல் ஒரு திட்டு. நறுக்கவும் நசுக்கவும் ஒரே பல். எனக்குக் கொம்பைவிட இந்தப் பல்தான் வியப்பு.

கொம்பு விஷயத்தில் ஏமாற்றமும் நடந்தது. இதே வம்சத்தில் 1942-இல் விவரிக்கப்பட்ட மொன்டானோசெரடாப்ஸுக்கு மூக்கில் கொம்பு இருந்ததாக நம்பினார்கள். பிறகு பார்த்தால் அது இடம் மாறி வைக்கப்பட்ட கன்ன எலும்பு.

தெற்குக் கண்டங்களில் இந்த வம்சம் இருந்தது என்ற நம்பிக்கைக்கும் அதே கதி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கிடைத்த ஒரே ஒரு முன்கை எலும்பு லெப்டோசெரடாப்ஸின் எலும்பை ஒத்திருந்தது. 2003-இல் அதற்கு செரெண்டிபசெரடாப்ஸ் என்று பெயரிட்டார்கள். செரெண்டிப் இலங்கையின் பழைய பெயர்; அங்கே வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். அதுவும் முற்காலக் கிரெட்டேசியஸ், நம் படுகையின் காலம். பிறகு அந்த எலும்பைக் கொம்பு வம்சத்தில் வைக்க ஆய்வாளர்கள் சிலர் தயங்கினார்கள். கவச டைனோசரின் எலும்பாக இருக்கலாம் என்ற கருத்தும் வந்தது. ஐயத்துக்கு இடமில்லாத கொம்பு டைனோசர்கள் எல்லாம் ஆசியா, வட அமெரிக்கா, ஐரோப்பாவில் கிடைத்தவையே. ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லும் பதில்: இங்கே இருந்ததற்குச் சான்று இல்லை. இந்தியா அப்போது அண்டார்டிகாவை விட்டு விலகிக்கொண்டிருந்த தெற்கு நிலம்.

ஆனால் ஒரே எலும்பு கிடைத்தபோதும், அதை எடுத்து வைத்ததால்தான் இவ்வளவு திருத்தமும் சாத்தியமானது. ஃபூட் நடந்த காலத்தில் இந்த மேடுகள் திறந்து கிடந்தன. இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றிலும், திருவள்ளூர்ச் சாலைகளிலும், தொழிற்சாலை மனைகளை நிரப்பக் கிராவலும் சவுடும் லாரி லாரியாகப் போகின்றன. தொழில் வேண்டும், வேலையும் வேண்டும். பொக்லைன் இறங்கும் முன் ஒரு புவியியல் மாணவருக்கு ஒரு பகல் நேரம் அந்த மேட்டின் வெட்டுமுகத்தைப் பார்க்க அனுமதி கொடுங்கள். வெளிர்க் களிப்பாறையில் இலைத்தடம் தெரிந்தால் அந்தக் கட்டியை உடைக்காமல் பூண்டி அகழ்வைப்பகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.