ஆய்வாளரும் களப்பணியாளரும்

வறுமையை ஆய்வோர் ஓரிடத்தும், வறியோரிடையே பணியாற்றுவோர் வேறோரிடத்தும் நிற்பது பல நாடுகளிலும் காணும் குறையாகும். ஆய்வேடு நூலகத்தில் உறங்கும்; களப்பணியாளரின் பட்டறிவோ ஏட்டில் ஏறாமலே மறையும். ஆஸ்திரேலிய நாட்டில் இவ்விடைவெளியைக் குறைக்க 2009ஆம் ஆண்டில் ஒரு கூட்டமைப்பு உருவாயிற்று. வெளிநாடுகளில் தொண்டாற்றும் அமைப்புகளின் தேசிய மன்றமும் பல்கலைக்கழகங்களும் அதில் கைகோத்தன.

அதன் பணிகளுள் தலையாயது ஆய்வுக்கு அறநெறி வகுத்ததே என்பது நம் கருத்து. சிற்றூர்ப் பெண்ணொருத்தியிடம் வருவாய், நோய், இல்லத்துத் துயர் அனைத்தையும் கேட்டுக் குறித்துச் செல்பவர் பெரும்பாலும் மீண்டு வருவதில்லை. அவள் இழந்த அரைநாட் கூலியை யார் தருவார்? அவள் கூறியது பிறர் செவிக்கு எட்டினால் விளையும் தீங்கை யார் தாங்குவார்? 2017இல் திருத்தி வெளியிடப்பெற்ற அந்நெறிமுறைகள், மனிதரை மதித்தல், நன்மை பயத்தல், ஆய்வின் தகுதியும் நேர்மையும், நீதி என்னும் நான்கன்மேல் அமைந்தவை. அவற்றின்படி, விடை கூற மறுக்கவும் இடையில் விலகவும் அவளுக்கு உரிமையுண்டு.

2020இல் வந்த மற்றொரு கையேடு, மாற்றுத்திறனாளிகளை ஆராய்வதோடு அமையாது, அவர்களையே ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ளும் வழிகளை விளக்குகிறது.