பனி உருகிய பின் தொடங்கும் பணி

காஷ்மீரின் குல்மர்க்கில் டிசம்பர் இறுதியில் சூடுபிடிக்கும் பனிச்சறுக்குப் பருவம், ஏப்ரல் தொடக்கத்திற்குள் ஏறத்தாழ முடிந்துவிடும். அதன்பின் எட்டு மாதங்களுக்குச் சறுக்குப் பலகைகள் வருமானம் ஈட்டா. அவற்றை வாங்கப் பெற்ற கடனின் தவணைகளோ தவறாமல் வந்துகொண்டிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், கடனுக்கு ஈடாகக் காட்டப்பட்ட சரக்கைச் சரிபார்க்க, அங்கு கருவிகளை வாடகைக்கு விடும் ஒரு கடைக்குச் சென்றிருந்தேன். பதிவேட்டில் இருந்தபடியே நாற்பது இணைப் பலகைகள் இருந்தன. எனினும், பதினொரு இணைகளின் எஃகு விளிம்புகளில் துரு ஆழமாக ஏறியிருந்தது. ஏப்ரலில் ஈரம் உலராமல் இறுகக் கட்டி, தகரக் கொட்டகையில் அடுக்கியதன் விளைவு அது. கணக்கில் இருந்த சொத்து, பயன்பாட்டில் இல்லை. இத்தகைய சொத்துக்குத் தேய்மானம் உண்டு. இது தேய்மானம் அன்று, கவனக்குறைவு.

இந்த இழப்பைத் தவிர்ப்பது கடினமன்று. முதலில் பலகைகளை நன்னீரில் கழுவி, துணியால் துடைத்து, முழுவதும் உலரவிட வேண்டும். விளிம்பில் லேசான துரு இருந்தால் தேய்ப்புக் கல்லால் நீக்கலாம். பின்னர் அடிப்பகுதியிலும் விளிம்புகளிலும் மெழுகை உருக்கித் தடிப்பாகப் பூச வேண்டும். வழக்கமாகப் பூசியபின் சுரண்டி எடுக்கும் இம்மெழுகை, இம்முறை அப்படியே விட்டுவிட வேண்டும். அடிப்பகுதி வறண்டுபோகாமலும் எஃகில் ஈரக்காற்று படாமலும் அதுவே காக்கும். அடுத்த பருவத்தில் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தலாம்.

காலணிகளின் உள்ளுறையைக் கழற்றித் தனியே உலர்த்துவது அவசியம். 'புகாரி' எனப்படும் விறகுக் கணப்பின் அருகே வைத்தால், பிளாஸ்டிக் ஓடு உருமாறக்கூடும். உலர்ந்தபின் கொக்கிகளைத் தளர்வாக மாட்டிவைத்தால் வடிவம் கெடாது.

காலணியைப் பலகையுடன் பிணைக்கும் பைண்டிங்கில் தனிக் கவனம் தேவை. விழும்போது அது உரிய விசையில் விடுபடாவிடில் முழங்காலின் தசைநார் கிழியக்கூடும். அதனை அழுத்த நீராலோ கரைப்பான்களாலோ கழுவினால் உள்ளிருக்கும் மசகு வெளியேறிவிடும். ஈரத்துணியால் துடைப்பதே போதுமானது. பருவத் தொடக்கத்தில் தேர்ந்த தொழில்நுட்பரிடம் கொடுத்துச் சோதித்துக்கொள்வது நன்று. வாடகைக்கு விடுவோருக்கு இது சிக்கனம் பார்க்கும் இடமன்று. அதனை நம்பிச் சறுக்குபவர் முன்பின் அறியாத ஒருவர்.

வெயிலில் கொதிக்கும் தகரக் கூரையின் அடியும், ஈரம் கசியும் சிமெண்டுத் தரையும் கருவிகளுக்கு ஆகா. உலர்ந்த, குளிர்ச்சியான, இருண்ட அறையே ஏற்றது. பலகைகளின் இயல்பான வளைவு கெடாதிருக்க, இறுகக் கட்டாமல் வைக்க வேண்டும். சென்னை, மும்பை போன்ற கடலோர நகரங்களில் வசிப்போர், உறையினுள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இட்டு, அவ்வப்போது மாற்றுவது நலம்.

இறுதியாக, ஒவ்வோர் இணைக்கும் எண்ணிட்டு, அதன் நிலையைப் பதிவேட்டில் குறித்துவையுங்கள். காப்பீடு கோடை மாதங்களுக்கும் நீடிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தீ விபத்துக்குப் பருவம் கிடையாது.

அந்தக் கடைக்காரர் மறு ஆண்டு மார்ச்சு இறுதியிலேயே மெழுகுக் கட்டிகளை வாங்கி வைத்துவிட்டார். அடுத்த டிசம்பரில் நான் எண்ணிய பலகைகள் இருபத்தொன்பது இணைகளே. ஆனால் இருபத்தொன்பதும் பனியில் இறங்க ஆயத்தமாக இருந்தன.