வினிகர், வெந்நீர், வெள்ளைக் கம்பளி

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தபோது, ரோடமைன்-பி என்ற பெயர் டீக்கடை வரைக்கும் அடிபட்டது. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற இளஞ்சிவப்புச் சாயம், குழந்தைகள் தின்னும் பண்டத்தில் கலந்திருந்தது. உணவில் சேர்ந்த செயற்கை நிறத்தைப் பிரித்தெடுக்க ஆய்வகங்களில் நெடுங்காலமாகக் கையாளும் முறை ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய முக்கியமான பொருள் ஒரு துண்டு வெள்ளைக் கம்பளி நூல் என்பது வெளியில் பலருக்குத் தெரியாது.

பண்டத்தைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் அமிலம் விட்டு, எண்ணெய்ப்பிசுக்கு போக அலசிய கம்பளி நூலை அதில் போட்டுக் காய்ச்சுவார்கள். அமிலச் சாயமாக இருந்தால் நிறம் தண்ணீரை விட்டு நூலில் ஏறிவிடும். சர்க்கரையும் மாவும் தண்ணீரிலேயே நின்றுவிடும். நூலை அலசி, நீர்த்த அமோனியாவில் போட்டதும் ஏறிய நிறம் மறுபடி இறங்கும். அதைத் தாளில் ஊறவிட்டு, இன்ன சாயம் என்று கண்டுபிடிப்பார்கள். ரோடமைன் போன்ற வேறு வகைச் சாயங்களுக்கு அமிலத்துக்குப் பதிலாகக் காரம் சேர்ப்பார்கள்.

வீட்டு அடுப்பில் கம்பளி நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் செய்வதும் இந்த வேலையில் முதல் பாதியைத்தான்.

கம்பளி என்பது ஆட்டின் முடி. நம் தலைமுடியையும் நகத்தையும் போல அது கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. பட்டும் புரதம்தான், அதன் பெயர் ஃபைப்ரோயின். இந்தப் புரதங்களில் அமினோ தொகுதிகள் வரிசையாக இருக்கின்றன. தண்ணீரில் அமிலம் சேர்ந்ததும் அவை நேர்மின்னேற்றம் பெறுகின்றன. அமிலச் சாயம் என்று அழைக்கப்படும் வகையின் மூலக்கூறுகளோ எதிர்மின்னேற்றம் கொண்டவை. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. பருத்தி செல்லுலோஸால் ஆனது. அதில் அமினோ தொகுதி கிடையாது. அதனால் கம்பளியைப் பளீரென்று சிவக்க வைக்கிற அதே சாயத் தண்ணீரில் ஒரு பருத்தி வேட்டியை நாள் முழுக்க ஊறப்போட்டாலும், அலசியதும் நிறம் ஓடிவிடும்.

உணவு நிறங்கள் இங்கேதான் உள்ளே வருகின்றன. லட்டுக்கும் கேசரிக்கும் போடும் டார்ட்ரசின் மஞ்சள், சாய வியாபாரத்தில் ஆசிட் எல்லோ 23 என்ற பெயரில் விற்பது. பிரில்லியன்ட் புளூ அங்கே ஆசிட் புளூ 9. இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் அநேகமாக எல்லாமே கம்பளியில் ஏறக்கூடியவை. அமெரிக்காவில் பின்னல் பழகும் பலர் முதல் சாயத்தைக் கூல்-எய்ட் பொட்டலத்தில் தொடங்குகிறார்கள். நெப்ராஸ்கா மாநிலத்து ஹேஸ்டிங்ஸ் ஊரில் எட்வின் பெர்கின்ஸ் 1927இல் உருவாக்கிய பானப்பொடி அது. சர்க்கரை சேராத பொட்டலத்தில் நிறமும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்தே இருப்பதால், தனியாக வினிகர்கூட வேண்டியதில்லை. சாப்பிடக்கூடிய பொருள் என்பதால் குழந்தைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

நிறம் நிலைத்து நிற்க வேண்டும், இரண்டாவது முறையும் அதே நிறம் வர வேண்டும் என்று நினைப்பவர்கள் முறையான அமிலச் சாயத்துக்கு மாறுவார்கள். அங்கே எல்லாம் எடைக் கணக்கு. 100 கிராம் நூலுக்கு 1 கிராம் சாயம் என்றால் அது ஒரு சதவீதச் சாயம். நடுத்தர அழுத்தமான நிறம் கிடைக்கும். வெளிர் நிறத்துக்கு அதில் கால்வாசி போதும். கறுப்புக்கு நாலு மடங்குகூடத் தேவைப்படலாம். கடைகளில் விற்கும் உணவு நிறப் பொடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் பெரும்பாலும் உப்போ சர்க்கரையோ கலந்திருக்கும்.

நூலை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். காய்ந்த கம்பளியைச் சாயத்தில் போட்டால் அங்கங்கே திட்டுத்திட்டாகப் பிடிக்கும். மூன்று லிட்டர் தண்ணீரில் கரைத்த சாயத்தை ஊற்றி, நூலை இறக்கி, அடுப்பைச் சிறுதீயில் வைத்து மெதுவாகச் சூடேற்றுவார்கள். நிறம் ஓரளவு பரவியதும் நூலை ஓரமாகத் தூக்கிவிட்டு, கால் கப் வினிகரைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கி, மறுபடி இறக்குவார்கள். வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சை உப்பு என்று மளிகைக்கடையில் விற்கும் சிட்ரிக் அமிலம் ஒரு தேக்கரண்டி. கொதி வருவதற்குச் சற்று முன்பான சூட்டில் அரை மணி நேரம் நிறுத்தினால் போதும்.

பார்க்க வேண்டிய கட்டம் அடுத்து வருகிறது. வெள்ளைக் கரண்டியில் சாயத் தண்ணீரைக் கொஞ்சம் மொண்டு பார்த்தால், முதலில் ஆழ்ந்த நீலம். கால் மணி நேரத்தில் வெளிர்நீலம். இன்னும் கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் மாதிரி தெளிந்திருக்கும். பாத்திரத்தில் இருந்த நிறம் மொத்தமும் நூலுக்குப் போய்விட்டது. சாக்கடையில் கொட்டுவதற்குச் சாயமே மிஞ்சாமல் வேலையை முடிக்கலாம் என்பது கம்பளிச் சாயத்தின் பெரிய நன்மை. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்த தமிழ்நாட்டுக்கு இதன் அருமை தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஊதா மட்டும் ஏமாற்றும். சிவப்பும் நீலமும் கலந்து ஊதா செய்தால், இரண்டும் ஒரே வேகத்தில் நூலில் ஏறுவதில்லை. சிவப்பு முந்திக்கொண்டு பிடித்துவிட, நீலம் பின்தங்கி நின்று, நூலில் ஒரு பக்கம் ரோஜா நிறமும் இன்னொரு பக்கம் நீலமுமாகப் பிரிந்து கிடக்கும். கேக்குக்குப் போடும் கறுப்பு நிறமும் இப்படித்தான் பிரியும். அமிலத்தைத் தொடக்கத்திலேயே ஊற்றிவிட்டால் பிரிவு அதிகமாகும். கடைசியில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் குறையும். சிலர் இந்தப் பிரிவுக்காகவே கறுப்பை வாங்குகிறார்கள். கையால் சாயம் போட்ட நூலில் ஓடும் அந்த நிறக்கலவையை எந்த ஆலையும் திட்டமிட்டுக் கொண்டுவருவது சுலபமில்லை.

சாயத்தைவிடக் கம்பளியைக் கெடுப்பது அவசரம்தான். கம்பளி இழையின் மேல்பரப்பில் ஓட்டுக்கூரை மாதிரி செதில்கள் அடுக்கியிருக்கின்றன. சூட்டோடு சேர்த்துக் கிளறினாலோ, சூடான நூலைத் திடீரென்று குளிர்ந்த நீரில் போட்டாலோ, செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நூல் சுருங்கி, கெட்டிப்பட்டு, பிரிக்க முடியாத சடையாகிவிடும். அப்படி ஆனதை எந்த மருந்தாலும் பழையபடி ஆக்க முடியாது. ஆகவே கிளறக் கூடாது. அமுக்கிவிடலாம், மெல்லத் திருப்பலாம். அடுப்பை அணைத்த பிறகு, நூலைப் பாத்திரத்திலேயே இரவு முழுக்க ஆறவிடுவது உத்தமம். பட்டில் இந்தச் சடைச் சிக்கல் இல்லை. ஆனால் கொதிக்கவிட்டால் பளபளப்பு மங்கும்.

பட்டு என்றதும் காஞ்சிபுரம் நினைவுக்கு வராமல் போகாது. கச்சாப் பட்டில் இழையைச் சுற்றி செரிசின் என்ற பசை இருக்கிறது. எடையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அதுதான். அதைச் சோப்பும் சோடாவும் சேர்ந்த வெந்நீரில் நீக்கிய பிறகே பட்டுக்கு மினுமினுப்பும் வழவழப்பும் வரும், சாயமும் சீராகப் பிடிக்கும். பிறகு நூல் சிட்டங்களைக் கம்பில் கோத்து, ஆவி பறக்கும் தொட்டியில் புரட்டிப் புரட்டி எடுக்கும் சாயப்பட்டறைத் தொழிலாளியின் கைகள் செய்வதும் அமிலத்தையும் சூட்டையும் நேரத்தையும் பக்குவமாகச் சேர்க்கும் வேலைதான். அந்த அனுபவ அறிவுக்கு இன்னும் போதிய மரியாதை கிடைக்கவில்லை. சேலையின் பெருமையில் நெசவாளிக்காவது ஒரு பங்கு உண்டு. சாயம் போட்டவரை யாரும் கேட்பதில்லை.

வீட்டில் முயல விரும்புகிறவர்கள் முதலில் கையில் இருப்பது நிஜமான கம்பளியா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கடைகளில் ‘உல்லன்’ என்ற பெயரில் கிடைக்கும் நூலில் பல அக்ரிலிக். அதில் அமிலச் சாயம் ஏறாது. ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். கம்பளி, முடி கருகும் வாடையோடு எரிந்து தானே அணையும். சாம்பலைத் தேய்த்தால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, கல் போன்ற கறுப்பு மணியாக இறுகும். தைத்த ஸ்வெட்டருக்குச் சாயம் போடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஆடை நிஜக் கம்பளியாகவே இருந்தாலும் தையல் நூல் பாலியெஸ்டராக இருக்கும். ஆடை சிவந்த பிறகும் தையல் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

1856இல் லண்டனில், மலேரியா மருந்தான குயினைனை உண்டாக்க முயன்ற 18 வயது வில்லியம் பெர்கினுக்குத் தற்செயலாக ஓர் ஊதா நிறம் கிடைத்தது. அவர் அதைச் சோதித்துப் பார்த்ததும் பட்டுத் துணியில்தான். அதுவரை உலகம் செடியையும் பூச்சியையும் நம்பியிருந்தது. அந்தப் பழைய வழியும் வீட்டு அடுப்பில் சாத்தியம். இங்கே வினிகரின் வேலையைப் படிகாரம் பார்க்கிறது. 100 கிராம் கம்பளிக்கு 10 முதல் 15 கிராம் படிகாரம் கரைத்த நீரில் ஒரு மணி நேரம் காய்ச்சினால், அலுமினியம் இழையில் தங்கி, பிறகு வரும் நிறத்தைப் பிணைத்துக்கொள்ளும். வெங்காயத் தோலை நூலின் எடைக்குச் சமமாக எடுத்துக் கொதிக்கவைத்த நீரில் போட்டால் பொன்மஞ்சள் வரும். மஞ்சள்தூளுக்குப் படிகாரம்கூட வேண்டாம். ஆனால் வெயில் பட்டால் அந்த நிறம் வெளுத்துவிடும்; மஞ்சளை நம்பி ஸ்வெட்டர் பின்னுவதில் பயனில்லை.

சிவப்பில் ராணி காச்சினீல் பூச்சி. சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு அப்பியது போல ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் பூச்சி இது. நசுக்கினால் விரலெல்லாம் கருஞ்சிவப்பு. பெரு நாட்டில் கூஸ்கோ நகரை அடுத்த சின்செரோ ஊரின் நெசவுப் பெண்கள் இன்றும் இதைக் காயவைத்து அரைத்து, அல்பாக்கா, ஆட்டுக் கம்பளிகளுக்குச் சாயம் போடுகிறார்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் ஆரஞ்சு பக்கம் நகரும். காரம் சேர்த்தால் ஊதாவாகும். ஸ்பானிய ஆட்சியில் மெக்சிகோ ஏற்றுமதி செய்தவற்றில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்கு இருந்தது. அந்த ஏகபோகத்தை உடைக்க ஆசைப்பட்டவர்களில் ஒருவர் சென்னையில் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சைதாப்பேட்டையில் இதற்காகவே ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ தரம் குறைந்த வேறொரு இனம். எதிர்பார்த்த சாயம் கிடைக்கவில்லை. பூச்சி கள்ளியைத் தின்று தீர்த்ததுதான் மிச்சம். பின்னாளில் அந்த அனுபவமே கள்ளிப் புதர்களை ஒழிக்கும் வழியாகப் பயன்பட்டது.

இயற்கைச் சாயம் என்றாலே ஆபத்தில்லை என்று நம்புவது தவறு. படிகாரத்துக்குப் பதில் பழைய புத்தகங்கள் சொல்லும் பொட்டாசியம் டைகுரோமேட், புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. வீட்டில் அதைத் தொடவே கூடாது. அமிலச் சாயப் பொடியைக் கரைக்கும்போது முகக்கவசம் வேண்டும். பொடி கண்ணுக்குத் தெரியாமல் மூச்சில் போகும். உணவு நிறம் தவிர வேறு எதைப் பயன்படுத்தினாலும், அந்தப் பாத்திரமும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

நூல் ஆறியதும் அதே சூடுள்ள தண்ணீரில் அலசி, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஒட்டினால் அமிலமோ சூடோ போதவில்லை என்று பொருள். கொஞ்சம் வினிகரோடு மறுபடி அடுப்பேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒட்டாவிட்டால் பிழியாமல் துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, நிழலில் உலர்த்தலாம். பிறகு துவைக்கும்போது சலவை சோப்பும் சோடாவும் ஆகாது. இரண்டும் காரம், ஏறிய நிறத்தை இறக்கி இழையையும் நலியச் செய்யும். ஆட்டு முடிக்கும் மனிதர் தலைக்குப் போடும் மிதமான ஷாம்புவே போதும்.