17 வெற்றி, 1 தோல்வி: கிளீவ்லேண்டை எவ்வளவு நம்பலாம்?

1970-ல் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் புதிதாகச் சேர்ந்த கிளீவ்லேண்ட் கவாலியர்ஸ், தன் முதல் 15 ஆட்டங்களிலும் தோற்றது. அந்தப் பருவம் முடிந்தபோது 15 வெற்றி, 67 தோல்வி. எந்தக் கூடை யாருடையது என்று குழம்பி, எதிரணிக்கே புள்ளி போட்டுக் கொடுத்த ஆட்டக்காரர் ஒருவரும் அந்த அணியில் இருந்தார். அதே கிளீவ்லேண்ட் 2024-25 பருவத்தில் முதல் 15 ஆட்டங்களையும் வென்றிருக்கிறது. 16-வது ஆட்டத்தில் பாஸ்டனிடம் தோற்று, அதன்பின் இரண்டு ஆட்டங்களை வென்று, இதை எழுதும் 2024 நவம்பர் கடைசி வாரத்தில் 17-1 என்று நிற்கிறது.

15-0 என்ற தொடக்கம் இதற்கு முன் மூன்றே அணிகளுக்குத்தான் வாய்த்தது: 1948-49 வாஷிங்டன் கேபிடல்ஸ், 1993-94 ஹூஸ்டன் ராக்கெட்ஸ், 2015-16 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். மூன்றுமே இறுதிச் சுற்றுவரை போயின. கோப்பையைத் தூக்கியது ஹூஸ்டன் மட்டும். வாரியர்ஸ் கதை இன்னும் வேடிக்கை. 24 ஆட்டம் வரை தோல்வியே பார்க்காமல் ஓடி, 82-ல் 73 வென்ற அந்த அணியை இறுதிச் சுற்றில் கவிழ்த்தது லெப்ரான் ஜேம்ஸ் தலைமையிலான இதே கிளீவ்லேண்ட்தான். தொடக்க வெற்றிகளைக் கண்டு மயங்காதே என்று அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

என்னைக் கேட்டால், இந்தப் பருவத்தில் வியக்க வேண்டியது வெற்றிகளின் எண்ணிக்கையை அல்ல. ஆட்கள் மாறவே இல்லை என்பதைத்தான். டொனவன் மிட்செல், டேரியஸ் கார்லண்ட், இவான் மோப்லி, ஜேரட் ஆலன் என்ற நால்வரை நம்பித்தான் சென்ற பருவமும் நடந்தது. 48 வெற்றி, 34 தோல்வி. பிளே ஆஃப் முதல் சுற்றில் ஆர்லாண்டோவை ஏழு ஆட்டம் வரை இழுத்து வென்றார்கள். லெப்ரான் இல்லாமல் கிளீவ்லேண்ட் ஒரு பிளே ஆஃப் சுற்றை வென்றது 1993-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. அடுத்த சுற்றில் பாஸ்டன் 4-1 என்று வீட்டுக்கு அனுப்பிவைத்தது. கோடை முழுக்க ஒரே பேச்சு: கார்லண்டை விற்பார்களா, ஆலனை விற்பார்களா? மிட்செல், கார்லண்ட் என்ற இரண்டு குட்டையான கார்டுகளும் (பந்தை நடத்திச் செல்பவர்கள்), மோப்லி, ஆலன் என்ற இரண்டு நெட்டையான பெரிய ஆட்களும் ஒரே அணியில் ஒத்துவராது என்பது ஏறக்குறைய முடிந்துபோன தீர்ப்பாகவே இருந்தது. நிர்வாகம் யாரையும் விற்கவில்லை. மிட்செலுக்கும் மோப்லிக்கும் ஒப்பந்தத்தை நீட்டித்தது. பயிற்சியாளர் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃபை மட்டும் அனுப்பிவிட்டு, கென்னி அட்கின்சனைக் கொண்டுவந்தது.

பிக்கர்ஸ்டாஃபுக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். லெப்ரான் 2018-ல் போன மறு பருவத்தில் 19 ஆட்டம் மட்டுமே வென்ற அணி இது. அதை உதை வாங்காத அணியாக, தடுப்பாட்டத்துக்குப் பேர்போன அணியாக நிமிர்த்தியவர் அவர்தான். அந்த அடித்தளம் இல்லாமல் அட்கின்சன் இவ்வளவு சீக்கிரம் மாடி கட்டியிருக்க முடியாது. இப்போது டெட்ராய்ட் அணியைப் பயிற்றுவிக்கும் பிக்கர்ஸ்டாஃப், அக்டோபர் 25-ல் கிளீவ்லேண்டின் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கே எதிரணி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். 113-101 என்று தோற்றார்.

அட்கின்சன் என்ன மாற்றினார்? முதல் விடை மோப்லி. ஏழடிக்கு ஓரங்குலம் குறைவான ஆள். சென்ற பருவம் வரை அவரும் ஆலனும் கூடைக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். சின்ன சமையலறையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சமைப்பது போலத்தான் இருக்கும். எதிரணிக்கு வேலை சுலபம். மோப்லி தூரத்திலிருந்து எறியமாட்டார் என்று அவரை விட்டுவிட்டு, எல்லாரும் கூடையடியில் குவிந்துகொள்வார்கள். மிட்செல் உள்ளே புகுந்தால் மூன்று பேர் காத்திருப்பார்கள். இந்த ஆண்டு, கூடையில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) எடுத்தால் மோப்லி கார்டைத் தேடிக் கொடுப்பதில்லை. தானே தட்டிக்கொண்டு ஓடுகிறார். எதிரணி அடுக்கி நிற்பதற்குள் பந்து மறுபக்கம் போய்விடுகிறது. பிக் அண்ட் ரோல் ஆட்டத்தில் இதுவரை திரை போட்டவர் (பந்து வைத்திருப்பவரைக் காப்பவரின் வழியை மறித்து நின்றவர்), இப்போது சில சமயம் பந்தை வைத்திருக்கிறார், கார்லண்ட் அவருக்குத் திரை போடுகிறார். உயரமான ஆளைக் காக்கும் உயரமான ஆள் திடீரென்று சின்னக் கார்டின் பின்னால் ஓட வேண்டிய நிலை. அந்த ஒரு நொடிக் குழப்பத்தில்தான் கிளீவ்லேண்ட் பிழைக்கிறது.

அட்கின்சனுக்கு இது புதிதல்ல. 2016-17-ல் புரூக்ளின் அணியை ஏற்றபோது முதல் பருவத்தில் அவருக்குக் கிடைத்தவை 20 வெற்றிகள். 2019-ல் அதே அணியை பிளே ஆஃபுக்குக் கொண்டுபோனார். ஆலனும், இப்போது கிளீவ்லேண்டில் இருக்கும் காரிஸ் லெவெர்ட்டும் அங்கே அவரிடம் ஆடியவர்கள். பிறகு கோல்டன் ஸ்டேட்டில் ஸ்டீவ் கெருக்கு உதவிப் பயிற்சியாளர். அங்கிருந்து பந்தை வேகமாகக் கைமாற்றும் பழக்கத்தை எடுத்துவந்தார் என்று சொல்லலாம். நவம்பர் 8-ல் அந்தப் பழைய முதலாளிகள் வந்தபோது, பாதி ஆட்டத்தில் கிளீவ்லேண்ட் 83, கோல்டன் ஸ்டேட் 42. ஸ்கோர்போர்டு பழுதோ என்று சந்தேகிக்க வைக்கும் எண்கள்.

இரண்டாவது மாற்றம் பார்வைக்கு எடுப்பாக இல்லை, ஆனால் நான் அதிகம் மதிப்பது அதைத்தான். சென்ற பருவத்தில் மிட்செல் ஆட்டத்துக்கு 35.3 நிமிடம் ஆடினார், 26.6 புள்ளி எடுத்தார். இப்போது சுமார் 31 நிமிடம்தான். புள்ளிகளும் கொஞ்சம் குறைந்திருக்கின்றன. அதைப் பற்றி அவர் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. அணியின் ஒன்பது பத்துப் பேர் தினமும் களத்தில் இறங்குகிறார்கள். சார்லட்டுக்கு எதிரான 15-வது ஆட்டத்தில் மிட்செலுக்கு முழு ஓய்வே கொடுத்தார்கள், 128-114 என்று வென்றார்கள்.

இது ஏன் முக்கியம்? கடந்த மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். பாஸ்டன் தொடரில் ஆலன் விலா எலும்புக் காயத்தால் ஆடவில்லை. மிட்செல் கெண்டைக்கால் காயத்தால் கடைசி இரண்டு ஆட்டங்களில் இல்லை. அதற்கு முன் டிசம்பரில் பாஸ்டன் களத்திலேயே கிறிஸ்டாப்ஸ் பார்ஸிங்கிஸோடு மோதி கார்லண்டின் தாடை உடைந்தது. வாயைக் கம்பியால் கட்டி, திரவ உணவில் வாரக்கணக்கில் கிடந்து, எடை குறைந்து திரும்பினார். அந்தப் பருவம் முழுக்க அவர் பழைய கார்லண்டாக இல்லை. மோப்லிக்கும் அதே சமயம் முழங்காலில் அறுவை சிகிச்சை. திறமை போதாமல் தோற்றார்கள் என்பதைவிட, ஏப்ரல் வரும்போது உடம்பு மிச்சம் இல்லாமல் தோற்றார்கள் என்பதே சரி. அக்டோபரில் சேமிக்கும் நாலு நிமிடத்துக்கான வட்டி மே மாதத்தில்தான் கிடைக்கும்.

இந்த நிமிடங்களை யார் நிரப்புகிறார்கள் என்றால், முதலில் டை ஜெரோம். கணுக்கால் காயத்தால் சென்ற பருவத்தில் இரண்டே ஆட்டம் ஆடியவர். சார்லட்டுக்கு எதிராக 24 புள்ளி, அடுத்து நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராகத் அதுவரையான தன் வாழ்நாளின் அதிகபட்சமாக 29. மின்னல் வேகம் கிடையாது, குதிப்பும் கிடையாது. எதிராளியைத் தோளில் அணைத்தபடி மெல்ல மெல்ல உள்ளே போய், மிதக்க விட்டது போல பந்தைக் கூடையில் போட்டுவிட்டு வருகிறார். பார்க்க அலுக்கவே இல்லை.

சரி, எவ்வளவு நம்பலாம்? தள்ளுபடி செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, மூன்று புள்ளி எறிதல். லீக்கில் பொதுவாக நூற்றுக்கு 36 அளவில் விழும் எறிதல், இவர்களுக்கு இதுவரை 40-க்கு மேல் விழுந்துகொண்டிருக்கிறது. கார்லண்ட், ஜெரோம், ஜார்ஜஸ் நியாங் எல்லாரும் நன்றாக எறிபவர்கள்தான், இருந்தாலும் 82 ஆட்டத்துக்கும் இப்படி விழாது. பந்து விழாத இரவுகள் வரும். அப்போது வெற்றி இடைவெளிகள் சுருங்கும்.

இன்னொன்று, எதிராளிகள். தொடக்கத்திலேயே சரிந்து கிடந்த மில்வாக்கியை இரண்டு முறை வென்றார்கள். ஒன்றில் மிட்செல் கடைசி நொடியில் போட்ட பந்தால் 114-113. அடுத்ததில் அவர்களின் நட்சத்திரம் யானிஸ் ஆன்டெடோகௌம்போ ஆடவே இல்லை, அப்படியும் 116-114தான். ஆர்லாண்டோ வந்தபோது அவர்களின் நட்சத்திரம் பாவ்லோ பான்கேரோ காயத்தில். நியூ ஆர்லியன்ஸில் பாதி அணி மருத்துவரிடம். யாரும் பொருட்படுத்தாத புரூக்ளினைக்கூட 105-100 என்று மூச்சு வாங்கித்தான் தாண்டினார்கள். நியூயார்க்கில் போய் 110-104 என்று வென்றதும், லெப்ரானும் மகன் பிரானியும் சேர்ந்து வந்த லேக்கர்ஸை 134-110 என்று அடித்ததும் கணக்கில் வைக்கத் தக்கவை. (அந்த ஆட்டத்தில் பிரானி தன் முதல் என்.பி.ஏ. கூடையைப் போட்டபோது அரங்கமே எழுந்து கத்தியது. 24 புள்ளியில் ஜெயிக்கும் ஊர் பெருந்தன்மையாக இருப்பது சுலபம்.)

இந்த 18 ஆட்டங்களில் அதிகம் சொல்வது தோற்ற ஆட்டம்தான். நவம்பர் 19, பாஸ்டன். நடப்புச் சாம்பியன், சொந்தக் களம். பாதி ஆட்டத்தில் கிளீவ்லேண்ட் 17 புள்ளி பின்தங்கியிருந்தது. பாஸ்டன் அன்று 22 மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டது. ஜேசன் டேட்டம் 33 எடுத்தார். அவர்கள் ஐந்து பேரும் வெளியே நின்று எறியத் தெரிந்தவர்கள் என்பதால், ஆலன் கூடையடியைக் காலிசெய்து வெளியே வந்தே ஆக வேண்டும். வந்தால் பின்னால் வழி திறந்துவிடும். கார்லண்டையும் மிட்செலையும் தேடிப்பிடித்து, உயரமான ஆளை அவர்கள்மேல் ஏவுவது பாஸ்டனின் பழைய வித்தை. அந்த வித்தைக்கு அட்கின்சனிடம் இன்னும் முழு மருந்து இல்லை. கோடையில் எல்லாரும் சொன்ன குட்டைக் கார்டு பிரச்சினை தீரவில்லை, பந்து தங்கள் கையில் இருக்கும்போது அதை மறைக்கக் கற்றிருக்கிறார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். 17 புள்ளி பின்தங்கிய அணி மடங்கிப் போகவில்லை. இரண்டாம் பாதியில் ஏறி வந்து, கடைசியில் 120-117. மிட்செல் 35, மோப்லி 22. சாம்பியன் அணி அத்தனை பந்துகளையும் போட்டுத் தீர்த்த இரவில், அந்த ஊரிலேயே மூன்று புள்ளியில் தோற்பது அவமானம் இல்லை. சென்ற மே மாதத்து கிளீவ்லேண்ட் இப்படிப்பட்ட ஆட்டத்தில் 20 புள்ளியில் தோற்றிருக்கும் என்பது என் கணிப்பு.

இனி வரும் நாட்கள்தான் சுவாரசியம். நவம்பர் 27-ம் தேதி உள்ளூரிலும், 29-ல் அட்லாண்டாவிலும் ஹாக்ஸ் அணியோடு இரண்டு ஆட்டம். பட்டியலைப் பார்த்தால் லேசாகத் தெரியும், எனக்கு அப்படித் தோன்றவில்லை. லீக்கிலேயே அதிகமாகப் பந்தைத் தட்டிப் பறிக்கும் டைசன் டேனியல்ஸ் அங்கே இருக்கிறார். வேகமாக ஓடுவார்கள், தோற்கப் பயப்படமாட்டார்கள். தங்கள் நட்சத்திரம் ட்ரே யங் இல்லாமலேயே இந்த மாதம் பாஸ்டனில் போய் பாஸ்டனை வென்றவர்கள். கிளீவ்லேண்ட் அலட்சியமாகப் பந்தை விட்டால் இந்த இரண்டில் ஒன்று போகும். 29-ம் தேதி வெள்ளிக்கிழமை ஆட்டம், பருவத்தின் நடுவே நடக்கும் என்.பி.ஏ. கோப்பைக்கான குரூப் ஆட்டம் வேறு. அதே குரூப்பில் பாஸ்டனிடம் ஏற்கெனவே தோற்றதால் இன்னொரு சறுக்கலுக்கு இடமில்லை.

டிசம்பர் 1 ஞாயிறு, மீண்டும் பாஸ்டன், இம்முறை கிளீவ்லேண்டில். நம் ஊரில் அப்போது திங்கள் விடியற்காலை, அலாரம் வைக்கத் தகுதியான ஆட்டம். இந்த வாரம்தான் பார்ஸிங்கிஸ் அறுவை சிகிச்சைக்குப் பிறகு களத்துக்குத் திரும்பியிருக்கிறார். ஏழடிக்கு மேல் உயரம், வெளியே நின்றும் எறிவார். அவரை மோப்லி காப்பாரா, ஆலன் காப்பாரா என்பதில் பாதி ஆட்டம் இருக்கிறது. மோப்லியைக் கொடுத்தால் டேட்டமுக்கு யார்? உடம்பு ஒத்துழைத்தால் ஐசக் ஒகோரோ, டீன் வேட் இருவரும் அன்று அதிக நேரம் களத்தில் நிற்க வேண்டியிருக்கும். மேக்ஸ் ஸ்ட்ரூஸ் கணுக்கால் காயத்தால் இந்தப் பருவத்தில் இன்னும் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. உயரமும் எறிதலும் சேர்ந்த ஒரு ஆள் இந்த அணிக்கு எவ்வளவு தேவை என்பது அன்றுதான் உறைக்கும்.

3-ம் தேதி வாஷிங்டன் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. 5-ம் தேதி டென்வர் வருகிறது, நிகோலா யோகிச்சோடு. பாஸ்டன் இரண்டு பெரிய ஆட்களையும் வெளியே இழுத்துப் பிரிக்கும் என்றால், யோகிச் இருவரையும் தன் பக்கம் வரவழைத்துவிட்டு, விட்டுப்போன ஆளுக்குப் பந்தைக் கொடுப்பார். ஒரே வாரத்தில் இரண்டு வெவ்வேறு கேள்வித்தாள். பிறகு 7, 8 தேதிகளில் அடுத்தடுத்து சார்லட், மயாமி வெளியூர் ஆட்டங்கள். மிட்செலுக்கு அட்கின்சன் எதில் ஓய்வு கொடுக்கிறார் என்று கவனியுங்கள். அட்லாண்டாவில் ஒன்றைத் தோற்று, பாஸ்டனை உள்ளூரில் வென்று, மயாமியில் களைத்து இன்னொன்றைத் தோற்பார்கள் என்று நான் எழுதிவைக்கிறேன்.