நரம்பின் நாதமும் நாடாத ஊளையும்

நிந்தவூரிலிருந்து வடக்கே புறப்பட்டால் அடுத்து வருவது காரைதீவு. விபுலாநந்த அடிகள் 1892 இல் பிறந்த ஊர் அது. விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியராகவும் விளங்கிய அடிகள், வழக்கொழிந்த யாழைக் கணிதத்தின் துணைகொண்டு மீட்டெடுக்க முனைந்தார். அம்முயற்சியின் பயனான யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. மறுமாதமே அவர் மறைந்தார். நரம்பு அதிரும் முறையை அளந்து கூறிய அறிஞரின் அயலூரில் வாழும் நாம், இன்று நம் பிள்ளைகள் கையிலுள்ள மின் கிற்றாரையும் அக்கண்கொண்டு நோக்குதல் தவறாகாது.

எம்மூர்க் கலியாண வீடொன்றில், சென்ற ஆண்டு, இளைஞர் ஒருவரின் கிற்றார் பாட்டுத் தொடங்குமுன்பே ஊளையிட்டது. சிறுவர்கள் காதைப் பொத்திக்கொண்டனர். "இதைவிட றபான் மேல், தம்பி" என்றார் பந்தலிலிருந்த பெரியவர் ஒருவர். மறுநாள் அவ்விளைஞர் கருவியோடு என்னிடம் வந்தார். "சேர், இந்தப் பிக்கப்பைக் கழற்றி எறிஞ்சிட்டு வேற ஒண்டு வாங்கப் போறன். பழைய மாதிரிச் சாமான் இனி வேணாம்" என்றார். வாப்பா வெள்ளாமைக் காசில் வாங்கித் தந்த கருவி அது. இன்னொருமுறை அவரிடம் கேட்க முடியாது என்பது பிள்ளையின் முகத்திலேயே தெரிந்தது.

பிக்கப் என்பது பெரிய மாயமன்று. ஒரு காந்தம்; அதனைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி, ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர் தடிப்பில், பல்லாயிரம் சுற்று. உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. அதனை அம்ப்ளிபயர் பெருக்க, ஒலிபெருக்கி பாடுகிறது. பிக்கப் காற்றின் ஒலியைக் கேட்பதில்லை, தந்தியின் அசைவை மட்டுமே அறியும் என்று பாடநூல்கள் கூறும். நடைமுறையில் அஃது அரை உண்மை. சுருளின் கம்பிகள் தளர்ந்திருந்தால் அவையும் புலத்தினுள் அதிரும். பிக்கப் மைக்காக மாறிவிடும். ஒலிபெருக்கியின் ஓசை சுருளை உலுக்க, அவ்வுலுக்கம் மீண்டும் ஒலிபெருக்கிக்குச் செல்ல, சுழற்சி ஒவ்வொன்றிலும் ஓசை வளர்ந்து கீச்சொலியாகிறது. கூட்டங்களிலும் பள்ளிவாசல்களிலும் மைக் ஊளையிடுவதும் இதே முறையிற்றான். டென்மார்க்குப் பௌதிக அறிஞர் சோரன் லார்சன் பெயரால் இதனை லார்சன் விளைவு என்பர்.

இத்தொல்லை மின் கிற்றாரோடு உடன்பிறந்தது. 1936 இல் கிப்சன் நிறுவனம் விற்பனைக்கு விட்ட ஈ.எஸ். 150 போன்ற கிற்றார்களின் உடல் உள்ளீடற்றது. ஒலி உயர்ந்தால் பேழை முழுவதும் அதிர்ந்து தந்தியையும் உலுக்கிவிடும். இதற்கு மாற்றாகவே திண்மையான மரக்கட்டை உடலை நாடினர். ஃபென்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954 இல் வந்தது. 1957 இல் கிப்சனின் சேத் லவர் வகுத்த இரட்டைச் சுருள் பிக்கப் வந்தது. மின்சாரக் கம்பிகளிலிருந்து புகும் இரைச்சலை இரு சுருள்களும் எதிரெதிராக ஏற்று அழித்துக்கொள்ளும் தந்திரம் அது. நம் நாட்டில் 50 ஹேட்ஸ் மின்னோட்டத்தின் அந்த 'ம்ம்' என்னும் இரைச்சலைப் பலர் ஊளையோடு ஒன்றாக்கிக் குழம்புவர். இரைச்சல் நோய் வேறு, ஊளை நோய் வேறு. முன்னதற்கு இரட்டைச் சுருள் மருந்து; பின்னதற்கு அது மருந்தன்று.

நம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) கருநாடக இசையை உலகெங்கும் கொண்டு சென்றதும் மின்சாரம் ஏற்ற மாண்டலினைக் கையிலேந்தித்தான். மேனாட்டு மாண்டலினின் இரட்டைத் தந்திகளை விடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகளோடு வாசித்தார். இலங்கையிலோ 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்கள மெல்லிசைக்குள் மின் கிற்றாரைக் கொணர்ந்தார். ஆகவே இஃது அந்நியர் விளையாட்டு என்று ஒதுக்குவோர் வாதம் எனக்கு ஏற்புடையதன்று.

இளைஞரின் கருவியில் இருந்தது, 1957 ஆம் ஆண்டுப் பிக்கப்பைப் பார்த்து இக்காலத்தில் செய்த படி. மூலத்தைப் போலவே அதனையும் மெழுகில் தோய்க்காமல் விட்டிருந்தனர். அவ்வாறு விட்ட பிக்கப்பில் ஒலி சற்று விரிந்து மலர்கிறது என்பது இசைஞர் பலரின் துணிபு. ஆனால் தளர்ந்த சுருளே அம்மலர்ச்சிக்கும் காரணம், ஊளைக்கும் காரணம்.

நான் முதலில் செய்தது எளிய சோதனை. ஊளை எழும்போது உள்ளங்கையால் தந்திகள் அனைத்தையும் அழுத்தச் சொன்னேன். ஊளை அடங்கினால் குற்றம் தந்தியிலும் உடலிலும் உள்ளது. ஒலிபெருக்கியை விட்டு விலகி நிற்றல், உடலைத் திருப்புதல், தாழ்சுரத்தைக் குறைத்தல் போதும். அடங்கவில்லை. பின் பிக்கப்பின் உலோக மூடியை நகத்தால் தட்டினேன். ஒலிபெருக்கியில் 'டொக்' என்று கேட்டது. பிக்கப்பின் அருகே வாய்வைத்து அவர் பெயரைச் சொல்லி அழைத்தேன், பெயரும் கேட்டது. இளைஞர் சிரித்துவிட்டார். நோய் எங்கே என்பது தெரிந்துவிட்டது.

மருந்து மெழுகு. பரபின் மெழுகோடு சிறிது தேன்மெழுகு கலந்து, நெருப்பில் நேரே வைக்காமல், கொதிநீருள்ள பாத்திரத்தினுள் வேறொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். வெப்பம் ஏறத்தாழ 65 பாகை செல்சியசைத் தாண்டினால் சுருளைத் தாங்கும் பிளாஸ்டிக் நெளியும்; ஆதலால் வெப்பமானி வேண்டும். பிக்கப்பை அமிழ்த்தினால் காற்றுக் குமிழிகள் வெளிவரும். அவை நின்றபின் எடுத்தால் போதும். உண்மையிலேயே 1950களில் செய்த பழம்பொருளாயின் இவ்வேலையில் இறங்கவே கூடாது.

அவர் தயங்கினார். மெழுகு புகுந்தால் அந்த இனிமை போய்விடாதா என்று கேட்டார். அஞ்சத்தக்க கேள்விதான், ஒருமுறை தோய்த்ததை முற்றாக மீட்க இயலாது. வீட்டு அறையில் மெல்ல வாசிப்போருக்கு நான் மெழுகைச் சொல்லமாட்டேன். ஆனால் நம் பந்தல்களில் ஒலிபெருக்கியும் கிற்றாரும் ஒரு முழ இடைவெளியில் நிற்கின்றன. பிக்கப் தேர்வோர் சுருளின் தடையை மட்டும் கேட்டு, 8,000 ஓமா 9,000 ஓமா என்று மயங்குகின்றனர். அல்னிகோ என்னும் அலுமினிய, நிக்கல், கோபால்ட்டுக் காந்தத்தின் வகையையும், மெழுகு ஏற்றியதா என்பதையும் கேட்பதே முதல் வேலை. உப்புக்காற்றில் நுண்கம்பி பச்சை பூத்து அறும் நம் கரையோரத்தில், மெழுகு ஈரத்தையும் ஓரளவு தடுக்கும்.

முடிவில் குறைந்த நேரமே தோய்த்தோம். பிக்கப்பை ஒரு மில்லிமீற்றர் தாழ்த்தினோம். காந்தம் தந்தியை இழுப்பது குறைந்து சுரமும் தெளிந்தது. மலர்ச்சி சிறிது குறைந்தது என்றார் இளைஞர். எனக்கு அவ்வேறுபாடு கேட்கவில்லை. அவர் காது என் காதினும் நல்லது.

அடுத்த கலியாணத்தில் அவர் ஒலிபெருக்கிக்குப் பக்கவாட்டில், இரண்டு எட்டுத் தள்ளி நின்று வாசித்தார். றபானைப் புகழ்ந்த பெரியவரும் வந்திருந்தார். சஹனில் கைவைத்திருந்த அவர் தலை நிமிரவே இல்லை.