டிசம்பர் வாண்டுகளுக்கு ஒரு பர்த்டே!

ராத்திரி டி.வி-யில 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை'ன்னு எழுத்து ஓடுது. தெருவுல இருக்கிற அத்தனை வாண்டுகளும் 'ஹேய்ய்ய்'னு கத்துதுங்க. ஒரே ஒரு வீட்டுல மட்டும் ஒரு வாண்டு மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதுக்கிட்டிருக்கும். ஏன்னா, நாளைக்கு அதுக்குப் பொறந்தநாள்! யூனிஃபார்ம் இல்லாம கலர் டிரஸ்ல போகணும், க்ளாஸ் முழுக்க சாக்லேட் கொடுக்கணும், மிஸ்கிட்ட 'ஹேப்பி பர்த்டே' வாங்கணும்னு ஒரு மாசமா கனவு கண்டிருக்கும். எல்லாத்தையும் மழை அடிச்சுக்கிட்டுப் போயிடும்.

உங்க வீட்டுலயும் அப்படி ஒரு டிசம்பர் குட்டி இருக்கா? அக்கா பொண்ணு, அண்ணன் பையன், பக்கத்து வீட்டு வாலு, யாரா இருந்தாலும் சரி. அப்போ இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். செமஸ்டர் பரீட்சையை முடிச்சுட்டு வீட்டுல போர்வைக்குள்ள கிடக்கிற ஒரே ஜீவன் நீங்கதானே பாஸ்? பார்ட்டியை நீங்க எடுத்து நடத்துங்க!

எங்க அக்கா பொண்ணு பொறந்தது டிசம்பர் 4. அந்தத் தேதியைச் சொன்னதுமே சென்னைவாசிகளுக்குப் புரிஞ்சிருக்கும். 2023-ல மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட அதே நாள். அக்கா வீடு வேளச்சேரி பக்கம். மொட்டைமாடியில ஷாமியானா, நாற்பது பேருக்கு பிரியாணி, மூணு கிலோ கேக்னு பக்காவா ப்ளான் போட்டிருந்தாங்க. ஷாமியானா பறந்தே போச்சு. கேக் கடை திறக்கல. கரன்ட் இல்ல, டவர் இல்ல, பால்கூட இல்ல. கடைசியில அக்கா கொஞ்சம் ரவா கேசரி கிண்டி, அது நடுவுல வீட்டுக்கு வெளிச்சம் காட்டிக்கிட்டிருந்த ஒரே மெழுகுவத்தியைக் குத்தி வெச்சாங்க. குட்டி 'ஃபூ'ன்னு ஊதினா... மொத்த வீடும் கும்மிருட்டு! தீப்பெட்டியைத் தேடுறதுக்குள்ள ஆளாளுக்கு முட்டிக்கிட்டோம்.

நாங்க சிரிச்சோம். அவ சிரிச்சாளான்னு இருட்டுல தெரியல. தூங்கப் போறப்போ என் காதுல கேட்டா: "மாமா, நான் பொறந்ததாலதான் மழை வருதா? அப்போ என் பர்த்டேவை மே மாசம் வெச்சிடலாமா?" ஆறு வயசுக் குழந்தை கேட்கிற கேள்வியா இது? 'அடுத்த வருஷம் நான் பார்த்துக்கறேன்டா'ன்னு வாய் விட்டுட்டேன். வாய் விட்டதுக்கு அப்புறம்தான் யோசிக்கவே ஆரம்பிச்சேன்.

முதல்ல புரிஞ்சது, தப்பு மழை மேல இல்ல. மொட்டைமாடி மேல. ஷாமியானா வெயிலுக்குத்தான். மழைக்கு அது ஒரு பெரிய சல்லடை! அதுல சீரியல் பல்பு வேற கட்டினா, ஈரத்துக்கும் கரன்ட்டுக்கும் ஆகவே ஆகாது, ஞாபகம் வெச்சுக்கங்க. அதனால ஹால்தான் பெஸ்ட். சோபாவைத் தூக்கி பெட்ரூம்ல போட்டா, பத்து வாண்டுகள் ஓடியாட இடம் கிடைச்சிடும். பத்துக்கு மேல கூப்பிடாதீங்க. வயசோட ஒண்ணைக் கூட்டிக்கங்கன்னு ஒரு கணக்கு சொல்வாங்க. ஏழு வயசுக்கு எட்டு பேர். அப்பாவோட ஆபீஸ் மேனேஜர் அந்த எட்டுல வரமாட்டார். யார் வரணும்னு குட்டியையே கேளுங்க. எங்க குட்டி சொன்ன லிஸ்ட்ல ரெண்டாவது பேர், ஸ்கூல் வேன்ல பக்கத்து சீட்டுல உட்கார்ற பையன். அப்படி ஒருத்தன் இருக்கான்னே அக்காவுக்குத் தெரியாது!

அடுத்து நேரம். டிசம்பர் தொடக்கத்துல சென்னையில சாயங்காலம் அஞ்சேமுக்காலுக்கெல்லாம் சூரியன் டாட்டா காட்டிடும். அப்புறம் கொசு ராஜ்யம்தான். ஏழு மணிக்கு கேக் வெட்டுற பழக்கத்தை விடுங்க. மத்தியானம் மூன்றரைக்கு ஆரம்பிச்சு அஞ்சரைக்கு முடிச்சா, ஈரத் தெருவுல வெளிச்சத்தோட வீடு போய்ச் சேரலாம். அரையாண்டுத் தேர்வு எப்போன்னு கேட்டுட்டுத் தேதி குறிங்க. பரீட்சைக்கு முந்தின நாள் எந்த அம்மாவும் அனுப்பமாட்டாங்க, அது ஒண்ணாங்கிளாஸ் பரீட்சையா இருந்தாலும்!

கூப்பிடும்போதே ரெண்டு தேதி சொல்லிடுங்க. இது ரொம்ப முக்கியம். வானிலை மையம் அறிவிக்கிற கலர்களை வெச்சே முடிவு பண்ணலாம். மஞ்சள்னா 7 முதல் 11 செ.மீ. வரைக்கும் மழை வரலாம். பக்கத்துத் தெருப் பசங்க மட்டும்னா குடையோட நடத்திடலாம். ஆரஞ்சுன்னா 12 முதல் 20 செ.மீ. சிவப்புன்னா அதுக்கும் மேல. ரெண்டுல எது வந்தாலும் யோசிக்காம அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிடுங்க. 'பார்ட்டி கேன்சல்'ங்கிறது குழந்தைக்கு இடி மாதிரி. 'அடுத்த சனிக்கிழமை'ங்கிறது வெறும் காத்திருப்புதான்.

இப்போ அலங்காரத்துக்கு வருவோம். எங்க குட்டிக்கு எல்சா பைத்தியம். 2013-ல வந்த 'ஃப்ரோஸன்' படத்தோட பனி இளவரசியேதான். 'வீடு பூரா ஸ்நோ வேணும் மாமா'ன்னு ஆர்டர். டிசம்பர் ராத்திரியிலகூட இருபது, இருபத்திரண்டு டிகிரிக்குக் கீழ சாதாரணமா இறங்காத ஊர்ல, அதுக்கே குரங்குக் குல்லா போடுற ஜனங்களுக்கு நடுவுல, நான் ஸ்நோவுக்கு எங்கே போவேன்?

கடையில கிடைக்கிற ஸ்நோ ஸ்ப்ரேதானே எல்லாரும் வாங்குறதுன்னு நீங்க கேட்கலாம். தயவுசெஞ்சு வேணாம். அந்த டப்பாக்கள் பலதுல நுரையைத் தள்ளுறது எரியக்கூடிய வாயு. கிட்டத்தட்ட நம்ம சமையல் கேஸோட சொந்தக்காரன்! மெழுகுவத்தியை ஊதப் குனியிற குழந்தையோட முகத்துல, முடியில அதை அடிச்சா என்ன ஆகும்? குப்புனு பிடிச்சுக்கும். இது காமெடி இல்ல, நிஜமாவே பல பார்ட்டியில நடந்திருக்கு. ஃப்ரெண்டோட பர்த்டேக்கு ஹாஸ்டல்ல அடிக்கிறீங்களே, அங்கேயும் இதே கதைதான். கேஸ் பலூனும் அப்படித்தான். ஹீலியம் விலை அதிகம்னு ஹைட்ரஜன் அடைச்சு விக்கிறவங்க உண்டு. அது நெருப்பைப் பார்த்தா வெடிக்கும். வாயால ஊதுற பலூனே போதும், வீட்டுக்கு வந்த மச்சான்களுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.

எங்க ஸ்நோ, வெள்ளைத் தாள்தான். நிஜப் பனித்துகளுக்கு ஆறு கிளை இருக்கும். தாளை ஆறா மடிச்சு ஓரத்துல கத்தரிச்சுப் பிரிச்சா, ஒவ்வொண்ணும் ஒரு டிசைன். வந்த வாண்டுகளையே முனை மழுங்கின கத்தரிக்கோலோட உட்கார வெச்சுட்டேன். முக்கால் மணி நேரம் சத்தமே இல்ல! மழைக்காலச் சுவர்ல டேப் ஒட்டாது. அதனால நூல் கட்டித் தொங்கவிட்டோம். கலர் கிரேப் தாள் பக்கமே போகாதீங்க. ஈரம் பட்டா சாயம் போய் சுவரும் சட்டையும் ஒரே கலர் ஆயிடும்.

சாப்பாடு? சிப்ஸ் பத்தே நிமிஷத்துல நமத்துப்போகும். அப்பப்போ சூடா போட்டு எடுக்கிற பஜ்ஜி, குழிப்பணியாரம், சுண்டல்... மழைக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்ல. ஐஸ்க்ரீம் பத்தி ஒரு வார்த்தை. சளியைக் கொண்டுவர்றது வைரஸ்தான், ஐஸ்க்ரீம் இல்ல. ஆனா அதை எட்டு அம்மாக்கள்கிட்ட விளக்க எனக்குத் தெம்பு இல்ல, கட் பண்ணிட்டேன்.

கேக்ல மட்டும் ஒரு சின்னத் தந்திரம். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்துல 2017-ல ஒரு ஆய்வு வந்துச்சு. மெழுகுவத்தியை ஊதின பிறகு ஐசிங் மேல சராசரியா சுமார் 15 மடங்கு பாக்டீரியா இருந்துச்சாம். ஊர்ல பாதி குழந்தைக்கு மூக்கு ஒழுகுற சீசன் இது. அதனால குட்டிக்குன்னு தனியா ஒரு கப் கேக், மெழுகுவத்தி அதுல மட்டும். ஊதட்டும், அவளே சாப்பிடட்டும். பெரிய கேக் எல்லாருக்கும். அந்தப் பெரிய கேக்கை பைக்ல கொண்டுவர்ற வேலை மட்டும் வேணாம், அனுபவத்துல சொல்றேன். ரெயின்கோட்டுக்குள்ள வெச்சுக் கொண்டுவந்த கேக்ல எல்சாவோட மூஞ்சி என் பனியன்ல இருந்துச்சு.

2024 டிசம்பர் 7, சனிக்கிழமை. வானம் கறுத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, ஆனா எட்டு பேரும் வந்துட்டாங்க. வேன் பையன் மூணேகாலுக்கே ஆஜர். எல்லாம் முடிஞ்சு கப் கேக்ல மெழுகுவத்தியை ஏத்தினதும், குட்டி கையை நீட்டித் தடுத்தா. "மாமா, லைட்டை ஆஃப் பண்ணு. ஃபேன், டி.வி, ஜன்னல் எல்லாம். போன வருஷம் மாதிரி!"

ஸ்கிரீனை இழுத்து விட்டோம், மெயின் ஸ்விட்சையே அணைச்சோம். அவ ஊதினா. மங்கின ஹால்ல எட்டு குரலும் வீல்னு கத்தின சத்தத்துல கீழ் வீட்டு ஆன்ட்டி மேலே ஓடி வந்துட்டாங்க. அவங்ககிட்ட நான் விளக்கம் சொல்லிக்கிட்டிருக்கும்போதே, உள்ளேயிருந்து குரல் வருது: "மாமா, திரும்ப ஏத்து... இப்போ இவன் ஊதணுமாம்!"