நரம்பு சிக்கலுக்கு 'சிப்' வைத்த தூண்டில் ரீல்... வாங்கியவங்க என்ன சொல்றாங்க?

ஆசையா தூண்டில் வீசுறீங்க. அடுத்த நொடி ரீலுக்குள்ள நரம்பு கொசகொசன்னு சிக்கிக்குது. பெயிட்காஸ்டிங் ரீல் பிடித்த எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். இதற்குத் தீர்வாக கம்ப்யூட்டர் சிப் பொருத்திய ரீலை 200 டாலருக்கும் குறைவான விலையில் கொண்டு வந்தது ஜப்பானின் ஷிமானோ நிறுவனம். 2020-ல் கடைகளுக்கு வந்த அந்த மாடலின் பெயர் 'எஸ்.எல்.எக்ஸ் டி.சி'. உண்மையிலேயே சிக்கல் தீர்ந்ததா?

நரம்பு ஏன் சிக்குகிறது?

சாதாரண ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் சுற்றாது. நரம்பு மட்டும் கழன்று போகும். பெயிட்காஸ்டிங்கில் ஸ்பூலே சுற்றும். பறக்கும் இரை காற்றில் வேகம் குறையும், ஆனால் ஸ்பூல் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியே போக முடியாத நரம்பு உள்ளேயே சுருண்டுவிடும். அமெரிக்காவில் இதைப் 'பறவைக் கூடு' என்றே கேலியாகச் சொல்வார்கள்.

அப்புறம் ஏன் இதை விரும்புறாங்க?

தடிமனான நரம்பு போடலாம், குறி பார்த்து வீசலாம், பாசிக்குள் புகுந்த மீனையும் பலமாக இழுக்கலாம். நம்மூரில் தவளை லூர் போட்டு விரால் பிடிப்பவர்கள் இந்த ரீலைத் தேடுவதும் அதற்காகத்தான். 'லோ புரொஃபைல்' என்பது உயரம் குறைந்த வடிவம். உள்ளங்கையில் அடங்கும் என்பதால் நாள் முழுக்க வீசினாலும் கை வலி குறைவு.

சிப் என்ன செய்கிறது?

ஸ்பூல் வேகத்தை நொடிக்கு 1,000 முறை கண்காணித்து, தேவையான அளவு பிரேக் போடுகிறது என்கிறது நிறுவனம். பேட்டரி கிடையாது. ஸ்பூல் சுற்றும்போது உருவாகும் மின்சாரமே போதும். வெளியே 1 முதல் 4 வரை டயல் இருக்கும்: 1-ல் பிரேக் குறைவு, 4-ல் அதிகம். இந்த டி.சி தொழில்நுட்பம் 2003-லேயே வந்துவிட்டது. ஆனால் அப்போது விலை உயர்ந்த ரீல்களில் மட்டும்தான்.

பிடித்தது என்ன?

* எதிர்காற்றிலும் சிக்கல் வெகுவாகக் குறைகிறது.
* லூரை மாற்றும் ஒவ்வொரு முறையும் பிரேக்கை நோண்ட வேண்டியதில்லை.
* புதிதாகப் பழகுபவர்களுக்கு தைரியம் வருகிறது.

பிடிக்காதது என்ன?

* கட்டைவிரல் பழகியவர்கள், "நல்லா செட் பண்ணின சாதாரண ரீலே இவ்வளவு தூரம் போகும்" என்கிறார்கள்.
* எடை குறைந்த லூர்களுக்கு அவ்வளவு பொருத்தமில்லை.
* மின்னணுப் பகுதி பழுதானால் வீட்டில் சரிசெய்ய முடியாது.
* வீசும்போது 'விர்ர்'ரென்று வரும் சத்தம் சிலருக்கு இசை, சிலருக்கு எரிச்சல்.

கட்டைவிரலுக்கு ஓய்வா?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுறாங்க. சிப்புக்கு ஸ்பூலின் வேகம் தெரியும். லூர் தண்ணீரைத் தொட்டதோ, மரக்கிளையில் மோதியதோ தெரியாது. அந்த நொடியில் கட்டைவிரலால் ஸ்பூலை நிறுத்தவில்லை என்றால் 1,000 ரூபாய் ரீலைப் போலவே இதிலும் சிக்கும்.

அப்போ வாங்கலாமா?

நம்ம பணத்தில் 15 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். காற்று அதிகமுள்ள இடத்தில், கனமான லூர்களை அடிக்கடி வீசுபவர்களுக்கு பயன் உண்டு. முதல் ரீல் வாங்குபவர்கள் அவசரப்பட வேண்டாம். கையில் கிடைக்கும் சாதாரண ரீலில் லூரைத் தொங்கவிட்டு, அது மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும்படி பக்கவாட்டுத் திருகை இறுக்குங்கள். முள் இல்லாத எடையைக் கட்டி, ஆள் இல்லாத மைதானத்தில் சில நாள் வீசிப் பழகுங்கள். விரல் பழகிய பிறகு சிப் தேவையா இல்லையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.